கருவாட்டு வாடிக்காக ஓர் ஆட்டம்

கண்டக்குழிக் கடற்கரையில் இரண்டு விடுதிகளுக்கு நடுவே ஒரு கருவாட்டு வாடி இருக்கிறது. காற்று ஒரு பக்கம் வீசினால் ஒரு விடுதிக்காரர் மூக்கைப் பொத்துவார். மறுபக்கம் வீசினால் மற்றவர் பொத்துவார். வாடியை நடத்துகிறவர் யூஜீனியா மச்சாள். என் அண்ணன் கில்பட்டின் மனைவி. நான் அவரிடம் மீன் வெட்டுகிறேன், உப்புப் போடுகிறேன், தட்டிகளில் பரப்பிப் புரட்டுகிறேன். அந்தக் காணி வாடியாக இருப்பதா, விடுதிக்குப் போவதா என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தொலைபேசியில் விளையாடிய போக்கரில் தீர்ந்தது. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் அண்ணனும் நானும்தான். அண்ணன் அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினால் பாதியில் கோபம் வந்து எழும்பிவிடுவார். அதனால் நான் எழுதுகிறேன்.

மச்சாளின் தகப்பன் இன்னாசிப்பிள்ளை கரைவலைக்காரர். அவரைப் பற்றி ஊரில் இரண்டு விஷயம் சொல்வார்கள். வலைக்குப் போனால் சத்தம் போடாதவர், சீட்டுக் கடதாசி விளையாட உட்கார்ந்தால் சத்தம் போடாமல் இருக்க முடியாதவர். எங்கள் பக்கத்தில் செத்த வீடென்றால் அடக்கம் முடியும் வரை ஆண்கள் வாசலில் கடதாசி விளையாடுவார்கள். பிரேதத்தைத் தனியே விடாமல் விழித்திருக்க அது ஒரு வழி. விளையாடுவது முன்னூற்றுநாலு. நாலு பேர், இரண்டிரண்டு பேராகக் கூட்டு. அந்த விளையாட்டில் ஜாக்தான் எல்லாவற்றிலும் பெரியது. அடுத்தது ஒன்பது. ஆஸ், ராசா, ராணி எல்லாம் அவற்றுக்குப் பின்னாலே வருகிறவை. இன்னாசிப்பிள்ளைக்கு ஜாக்கும் ஒன்பதும் ஒரே கையில் வந்தால் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போடுவார். மேசையில் மற்ற மூன்று பேருக்கும் உடனே விளங்கிவிடும். விளங்கியும் அவரை வெல்லுவது லேசில்லை.

ஒருநாள் நாலாவது ஆள் வராததால் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மச்சாளுக்கு அப்போது பாவாடை சட்டை போடுகிற வயது. பெண்பிள்ளையைச் செத்த வீட்டில் கடதாசிக்கு உட்காரவைத்ததென்று ஊரே கதைத்தது. அவர் அடுத்த செத்த வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போனார். தம்பி நிரோசன் வளர்ந்ததும் அவனும் சேர்ந்துகொண்டான். அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கடதாசி மேசையில் கொடுத்த வாக்கை மாற்றக்கூடாது. புது வலை இறக்குகிற முதல்நாள் மீன்பாட்டைக்கூட இன்னாசிப்பிள்ளை ஒருமுறை மேசையில் பந்தயம் வைத்துத் தோற்றுக் கொடுத்துவிட்டு, அடுத்தவர் தன் வலையில் மீன் இழுப்பதைக் கரையில் நின்று பார்த்தவர்.

மச்சாள் கடதாசி மேசையில் பழகியதை வியாபாரத்தில்தான் பாவித்தார். மதுரங்குளியிலிருந்து மஸாஹிர் நானா லொறியோடு கருவாடு வாங்க வருவார். வந்தால் முதலில் விலையைக் கேட்டுத் தலையில் கை வைப்பார்.

"தங்கச்சி, இந்தக் கட்டாக் கருவாட்டுக்கு நான் செல்ற வெலய வேற ஒரு ஆளும் தர மாட்டான். ஏலாட்டி செல்லுங்க, நான் போறன்."

"போங்க நானா. வெயில் ஏறப்போகுது."

"மெய்யாத்தான் போறன்."

"ஓம், போங்க. வீட்டில எல்லாரையும் சுகம் கேட்டதெண்டு சொல்லுங்க."

மஸாஹிர் நானா லொறிக்குப் போய் ஒரு காலைத் தூக்கி மிதிபலகையில் வைப்பார். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். மச்சாள் குனிந்து உப்பு அள்ளிக்கொண்டிருப்பார். நானா காலை இறக்கிக்கொண்டு திரும்பி வருவார். மெய்யாகவே போகப்போகிற நாளில் அவர் போகிறேன் என்று சொல்வதில்லை. "கதவத் தொறடா" என்று டிரைவரிடம் சொல்வார், அவ்வளவுதான். அன்றைக்கு மச்சாள் தானே கூப்பிட்டு விலையைக் குறைப்பார். எது எந்த நாள் என்பதில் மச்சாள் பிழைவிட்டு நான் கண்டது குறைவு.

போக்கர் வந்தது ஊரடங்கு வருஷத்தில். நிரோசன் அப்போது இத்தாலியில், நாப்போலியில், ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தான். அங்கேயும் வீட்டை விட்டு வெளியே போக முடியாது, இங்கேயும் முடியாது. முதலில் தொலைபேசியில் முன்னூற்றுநாலு விளையாடிப் பார்த்தார்கள். கூட்டுக்கு ஆள் சேர்ப்பதில் சண்டை வந்தது. தோற்றால் கூட்டாளியைத்தான் எல்லோரும் ஏசினார்கள். பிறகு நிரோசன் போக்கரைத் தொலைபேசியில் இறக்கச் சொல்லிக்கொடுத்தான். அதில் கூட்டாளி கிடையாது.

"இது நல்லம்," என்றார் மச்சாள். "நான் பிழை விட்டா நான்தான் விட்டது."

விளையாட்டுச் சுலபமானது. ஆளுக்கு இரண்டு கடதாசி, மற்றவருக்குத் தெரியாமல். நடுவில் ஐந்து, இருவரும் பார்க்கும்படி: முதலில் மூன்று விரியும், பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. கையில் உள்ளதையும் நடுவில் உள்ளதையும் சேர்த்து யாருக்கு நல்ல ஐந்து அமைகிறதோ அவர் வென்றவர். ஒன்றுபோல இரண்டு இருந்தால் சோடி. இரண்டு சோடி அதைவிடப் பெரிது, ஒன்றுபோல மூன்று இன்னும் பெரிது. ஒவ்வொரு முறை கடதாசி விரியும்போதும் கட்டலாம். மற்றவர் கட்டியதற்கு ஈடு கொடுத்து மேலே பார்க்கலாம். இல்லாவிட்டால் எறியலாம். கையில் ஒன்றுமில்லாமலே பெரிதாகக் கட்டி மற்றவரைப் பயப்படுத்தி எறியவைத்தாலும் வெற்றிதான். அவர்கள் காசு வைக்கவில்லை. திரையில் வருகிற வட்டுகள்தான்.

மஸாஹிர் நானா ஒருநாள் எட்டிப் பார்த்தார். "இது சூதெல்லா தங்கச்சி? ஹறாம்."

"காசு வைக்கிறதில்ல நானா."

"காசி வெக்காட்டி அப்ப என்னத்துக்கு வெளயாடுற?"

"உங்களோட விலை பேசப் பழகத்தான்."

நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

முதல் வருஷம் அக்காவும் தம்பியும் ஒரே பிழையைச் செய்தார்கள். கையில் ஜாக்கும் ஒன்பதும் வந்தால் இருவராலும் எறிய முடியாது. போக்கரில் அது நடுத்தரமான கை. ஆஸ், ராசா, ராணி எல்லாம் அதற்கு மேலே. ஆனால் அந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த இரண்டும் சேர்ந்து வந்ததும் நெஞ்சு நிமிர்ந்துவிடும். நிரோசன் அதை "அப்பாவின்ர கை" என்றுதான் சொல்லுவான். அதை வைத்துக்கொண்டு கட்டிக் கட்டி அள்ளிக் கொடுப்பான். மச்சாளும் அப்படித்தான்.

ஒருநாள் சூடை மீன் கழுவிக்கொண்டிருக்கும்போது மச்சாள் என்னிடம் சொன்னார்: "பிள்ளை, நேற்றுப் பின்னேரம் முழுக்க அந்தக் கையோடதான் தோத்தன். இது அப்பாவின்ர மேசை இல்ல."

அன்றிலிருந்து ஜாக்கும் ஒன்பதும் வந்தால் எறிந்தார். முதலில் விரல் தயங்கும். பிறகு தயங்கவில்லை. போக்கரில் எறிந்த கையை மற்றவர் பார்க்க முடியாது. இரண்டு கடதாசியும் கவிழ்ந்தபடியே போய்விடும். அதனால் அக்கா அந்தக் கையை விட்டது நிரோசனுக்குத் தெரியாது. மச்சாளும் சொல்லவில்லை.

எண்ணெய்க்கு வரிசையில் நின்ற அந்தப் பொல்லாத வருஷத்தில் காணிப் பிரச்சினை தொடங்கியது. வாடிக் காணி தாய் வழியில் வந்தது. பிரிக்காமல் இருவருக்கும் பாதிப் பாதி. போர் முடிந்து, கடலுக்குப் போக அனுமதிச் சீட்டுக் காட்டுகிற காலம் போன பிறகுதான் இந்தக் கரைக்கு விடுதிகள் வந்தன. பட்டம் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர் வந்தார்கள். முள்வேலி வந்தது. வள்ளம் ஏற்றிவைக்க இருந்த இடமெல்லாம் சுருங்கிவிட்டது. தெற்குப் பக்கத்து விடுதி முதலாளி வாடிக் காணி முழுவதையும் கேட்டார். காணியும் கிடைக்கும், மணமும் போகும் என்று அவருக்கு எண்ணம்.

நிரோசன் விற்கத்தான் வேண்டும் என்றான். நாப்போலியில் சொந்தமாக வீடு வாங்கி மனைவி ஷானிகாவையும் பிள்ளைகளையும் அதில் வைக்க ஆசைப்பட்டான். அந்த ஆசையில் ஒரு பிழையும் இல்லை.

"காணி போனா நான் மீனை எங்கயடா காயப்போடுறது? கோயில் முற்றத்திலயா?" என்று மச்சாள் கேட்டார்.

"வேற இடம் பார் அக்கா."

"கடலையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போறதே?"

இரண்டு பக்கமும் விடவில்லை. மச்சாள் கையெழுத்து வைக்காவிட்டாலும் நிரோசன் தன் பாதியை மட்டும் விற்கலாம். அப்படி விற்றால் விடுதிக்காரர் காணியைப் பிரிப்பித்து நடுவில் மதில் எழுப்புவார். காற்று நின்றுவிடும். காற்று இல்லாமல் கருவாடு இல்லை. இது தெரிந்துதான் மச்சாள் கத்திச் சண்டை பிடிக்காமல் இருந்தார். சண்டை நடக்கிற காலத்திலும் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு நிற்கவில்லை. காணிக் கதை கதைத்து முகம் கறுத்துப்போவார்கள். பிறகு, "சரி, போடு பார்ப்பம்" என்று தொடங்குவார்கள்.

அப்படி ஒரு ஆட்டத்தின் முடிவில் நிரோசன் சொன்னான்: "அக்கா, கதைச்சு அலுத்துப்போச்சு. இதிலயே தீர்த்தா என்ன?"

பகிடியாகத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். மச்சாள் பகிடியாக எடுக்கவில்லை.

"வாற ஞாயிறு. நீ வெண்டா நான் கையெழுத்து வைக்கிறன், முழுக் காணியையும் வித்திடு. நான் வெண்டா, நான் கருவாடு போடுற காலம் முழுக்க உன்ர பங்கைப் பற்றி நீ வாய் திறக்கப்படாது. சம்மதமே?"

நிரோசன் ஒருமுறை சிரித்துப் பார்த்தான். பிறகு, "சம்மதம்" என்றான்.

கில்பட் அண்ணன் கையிலிருந்த வலையைக் கீழே போட்டார். "விசரே உனக்கு? கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு பேசாம இருந்தாக் காணுமே?"

"பேசாம இருந்தா அவன் தன்ர பாதியை வித்திடுவான். இப்பவே முதலாளி அவனுக்கு நாளுக்கு நாள் கோல் எடுக்கிறார். என்னட்ட இருக்கிறது பாதிதான், அதுவும் பயத்தோட. வெண்டால் முழுக்க என்னட்ட."

"தோத்தா?"

"இந்த விளையாட்டை அவன் என்னோட மட்டும்தான் விளையாடுறான். நானும் அவனோட மட்டும்தான். அவன் எப்பப் பொய் சொல்லுவான், எப்ப உண்மை சொல்லுவான் எண்டு எனக்குத் தெரியும்."

"அவனுக்கும் உன்னைத் தெரியுமே."

மச்சாள் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, சோறு சாப்பிட்டு, மச்சாள் வாடிக் கொட்டிலுக்குள் கதிரையைப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. ஆனால் சனிக்கிழமை உப்பிலிருந்து எடுத்துப் பரப்பிய கட்டா தட்டியில் கிடந்தது. வெயில் ஞாயிறு பார்ப்பதில்லை, அதைப் புரட்டத்தான் வேண்டும். நான் புரட்டிவிட்டு வந்து மச்சாளின் தோளுக்குப் பின்னால் நிற்பேன், திரும்பவும் போவேன். மச்சாளின் தொலைபேசியில் ஆட்டம். அண்ணனின் தொலைபேசியில் நிரோசனின் குரல், வெளியே கேட்கும்படி. இருவருக்கும் சமமான வட்டுகள். ஒருவருடையது முழுவதும் போகும் வரை ஆட்டம்.

தொடக்கத்தில் மச்சாள் எறிந்துகொண்டே இருந்தார்.

"என்ன அக்கா, பயமோ?"

"பயமில்ல. வாறது குப்பையா வருகுது."

"குப்பையை வச்சும் விளையாடலாம்."

"நீ விளையாடு, நான் பார்க்கிறன்."

ஒரு கையில் அவருக்கு ஜாக்கும் ஒன்பதும் வந்தன. பின்னால் நின்ற எனக்கே மனது துள்ளியது. மச்சாள் மூச்சுக்கூட மாறாமல் எறிந்துவிட்டார்.

பிறகு நல்ல கை வந்தது. ஐந்தும் ஒரே இனமாக அமைந்தது, ஒன்றுபோல மூன்றையும் வெல்லுகிற கை. நிரோசன் இரண்டு சோடியை வைத்துக்கொண்டு விடாமல் ஈடு கொடுத்தான். அந்த ஒரே கையில் அவனுடைய வட்டுகள் நன்றாகக் குறைந்தன. அந்தப் பக்கம் மேசையில் கையால் அடிக்கிற சத்தம் கேட்டது. அண்ணன் முதன்முறையாகக் கொட்டிலுக்குள் வந்து நின்றார்.

அப்போதுதான் மச்சாள் ஒரு பிழை விட்டார். அடுத்த கையிலேயே, ஒன்றுமில்லாத கடதாசியை வைத்துக்கொண்டு பெரிதாகக் கட்டினார். அடிபட்டவன் பயந்து எறிவான் என்று நினைத்திருப்பார். நிரோசன் யோசிக்கவே இல்லை. உடனே ஈடு கொடுத்தான். அவனிடம் இருந்தது இரண்டு ஆறு சேர்ந்த ஒரு சோடி, அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது. மச்சாளின் வட்டுகளில் பாதிக்கு மேல் அந்தப் பக்கம் போய்விட்டன.

"பார்த்தியா?" என்றார் அண்ணன். "பார்த்தியா இப்ப?"

"சத்தம் போடாதிங்க. பிழை என்னிலதான். கோபத்தில இருக்கிறவன் எறியமாட்டான். அவனுக்குப் பொய் சொல்லப்படாது." தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு மெல்லச் சொன்னார். முகத்தில் கலக்கம் இல்லை. மஸாஹிர் நானா மெய்யாகவே போய்விட்ட நாட்களிலும் அவர் முகம் அப்படித்தான் இருக்கும். போன லொறியைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார், அடுத்த வேலையைத் தொடங்கிவிடுவார்.

நிரோசனின் குரல் மாறிவிட்டது. பாட்டு முணுமுணுத்தான். பின்னால் ஷானிகா ஏதோ கேட்க, "முடியப்போகுது, கோப்பியைப் போடு" என்றான்.

"அக்கா, முதலாளிக்கு நாளைக்கே சொல்லவோ?"

"சொல்லன். அவருக்கும் சந்தோசமாயிருக்கும்."

மச்சாள் சிறிது நேரம் சும்மா விளையாடினார். சின்னதாகக் கட்டினார், சின்னதாக விட்டார். நான் மீனைப் புரட்டப் போய் வந்தேன். திரும்பி வரும்போது அவர் கதிரையில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் ஆஸும் நாலும். நடுவில் மூன்று விரிந்தன: ராணி, ஒன்பது, ஐந்து. மச்சாளுக்கு ஒன்றுமே சேரவில்லை. நிரோசன் கட்டினான். மச்சாள் ஈடு கொடுத்தார். ஏன் எறியவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. நாலாவது கடதாசி விரிந்தது: ஜாக்.

நிரோசன் திரும்பவும் கட்டினான், முந்தியதைவிடக் கொஞ்சம் கூட.

மச்சாள் தன்னிடம் இருந்த எல்லா வட்டுகளையும் தள்ளினார்.

அண்ணன் வாயைத் திறந்தார். மச்சாள் ஒரு விரலைத் தூக்கினார். அண்ணன் வாயை மூடிக்கொண்டு வெளியே போய் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாப்போலியில் பாட்டு நின்றுவிட்டது.

"அக்கா."

"என்னடா."

"ஒன்பது கிடக்குது, ஜாக் வந்திட்டுது. உன்னட்ட அப்பாவின்ர கைதானே இருக்கு?"

"ஈடு குடுத்தாத் தெரியும்."

"நீ முதல்லயே ஈடு குடுத்தாய். ஒன்பதோட நிண்டாய். இப்ப ஜாக் வந்ததும் முழுக்கத் தள்ளுறாய்." அவன் தனக்குத்தானே கதைத்தான். "எங்கட வீட்டில அந்தக் கையை ஆர் எறிஞ்சது?"

மச்சாள் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார். திரையில் நேரம் குறைந்துகொண்டே போனது. அவனுக்குக் கோபம் இல்லை. அவன் முன்னுக்கு நிற்கிறான், வீடு கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. இந்த ஒரு கையை விட்டாலும் அவன் தோற்றுவிடமாட்டான். எறியக்கூடிய நிலையில் இருக்கிறவனுக்குத்தான் மச்சாள் பொய் சொல்லியிருந்தார்.

நேரம் முடிகிற தறுவாயில் நிரோசனின் இரண்டு கடதாசியும் கவிழ்ந்தபடி போயின. எறிந்துவிட்டான்.

"ராணியில சோடி இருந்தது என்னட்ட," என்றான். "நல்ல காலம், தப்பிச்சன்."

நடுவில் கிடந்த வட்டுகள் மச்சாளிடம் வந்தன. இப்போது இருவரும் ஏறக்குறையச் சமன். நான் மூச்சு விட்டேன். வென்றவர் விரும்பினால் தன் கையைக் காட்டலாம், அதற்குத் திரையில் ஓர் இடம் இருக்கிறது. மச்சாள் அதை ஒருநாளும் தொட்டதில்லை. அன்றைக்குத் தொட்டார். ஆஸும் நாலும் இருவர் திரையிலும் மலர்ந்தன.

கதிரை தள்ளுகிற சத்தம் கேட்டது. பிறகு நிரோசன் கத்தினான். "பொய். ஒண்டுமில்லாம... அக்கா, ஒண்டுமில்லாமலோ என்னைத் துரத்தினது?"

"ஓமடா தம்பி. ஒண்டுமில்லாமத்தான்."

"ராணிச் சோடியை எறிய வச்சிட்டாய். அப்பாவின்ர பேரால வச்சிட்டாய்."

"அப்பாவின்ர பேரை எடுத்தது நீ. நான் வாயே திறக்கேல்ல."

ஷானிகா அந்தப் பக்கம், "விடுங்க, விளையாட்டுத்தானே" என்பது கேட்டது. "விளையாட்டோ இது?" என்று அவளிலும் பாய்ந்தான். கோப்பிக் கோப்பை எதிலோ தட்டுப்பட்டது.

மச்சாள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "பிள்ளை, வடக்குப் பக்கத் தட்டியைப் பார். காகம்."

நான் ஓடிப்போய்க் காகத்தை விரட்டிவிட்டு ஓடிவந்தேன். ஏன் கையைக் காட்டினார் என்று அப்போதுதான் எனக்கு மெல்ல விளங்கியது. கோபக்காரன் எறியமாட்டான். அவனைக் கோபக்காரனாக்கினால், பிறகு பொய் சொல்லவே தேவையில்லை. நல்ல கை ஒன்று வரும்வரை காத்திருந்தால் போதும்.

காத்திருந்தார். நிரோசன் ஒவ்வொரு கைக்கும் பெரிதாகக் கட்டினான். மச்சாள் எறிந்தார், திரும்பவும் எறிந்தார்.

"இப்ப ஏன் ஓடுறாய்? பொய் தீர்ந்துபோச்சோ?"

"கொஞ்சம் மிச்சமிருக்கு."

அதற்குப் பிறகு வந்த கையில் இரண்டு ஏழுகள். நடுவில் விரிந்தவை: ராசா, ஏழு, மூன்று. ஏழில் மூன்று சேர்ந்துவிட்டது. எந்தப் பெரிய கையையும் மெல்ல மெல்லத்தான் கட்டி இழுக்க வேண்டும் என்று மச்சாளே எனக்குச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு மெல்ல இழுக்கவில்லை. விரிந்த உடனேயே, யோசிக்காதவர் போல, எல்லாவற்றையும் தள்ளினார். ஒன்றுமில்லாதவர் பயப்படுத்துவதற்காகத் தள்ளுவதுபோல இருந்தது பார்க்க.

"திரும்பவும் அதே விளையாட்டோ?" என்றான் நிரோசன். "இந்தமுறை நடக்காது."

ஈடு கொடுத்தான். கடதாசிகள் திறந்தன. அவனிடம் ராசாவில் சோடி. நாலாவதாக எட்டு வந்தது, ஐந்தாவதாக இரண்டு. ஒன்றும் மாறவில்லை. அவனிடம் எஞ்சிய வட்டுகள் அடுத்த கைக்கே போதாமல் இருந்தன. அதையும் கட்டினான். அதுவும் போயிற்று.

அண்ணன் வேலியடியிலிருந்து, "என்ன நடந்தது?" என்று கேட்டார். பொறுங்கள் என்று நான் கையைக் காட்டினேன்.

நிரோசன் அழைப்பை வெட்டிவிட்டானோ என்று நான் குனிந்து பார்த்தேன். வெட்டவில்லை. மச்சாள் அவசரப்படுத்தாமல் இருந்தார்.

"சரி அக்கா," என்றான் கடைசியில். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான். "குடுத்த வாக்கு. முதலாளிக்கு நான் சொல்லுறன், எங்கட பக்கம் விற்கிறதுக்கில்ல எண்டு."

"நீ சொல்லவேண்டாம், நான் சொல்லிக்கொள்ளுறன். உனக்கு முகம் முறியத் தேவையில்ல."

"வீட்டுக்கு வேற வழி பார்க்கவேணும்."

"பார். நான் இருக்கிறன்தானே. காயவைக்கிற காணியைக் கேட்காத, மற்றதைக் கேள்."

அவன் சிரித்தானா இருமினானா என்று தெரியவில்லை. அழைப்பு நின்றது. மச்சாள் எழும்பிச் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தட்டிக்குப் போனார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பனி இறங்குவதற்குள் கட்டாவைக் குவித்து மூடவேண்டும். அண்ணன் பின்னாலே போனார். "நீ தோத்திருந்தா?" என்று மூன்று தட்டி தூரம் கேட்டுக்கொண்டே போனார். மச்சாள் மூடுசாக்கின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்து, "பிடிங்க" என்றார்.

சில ஞாயிறுகள் நிரோசன் விளையாட வரவில்லை. மச்சாளும் கூப்பிடவில்லை. பிறகு ஒரு வேலைநாளில் ஷானிகா எடுத்து, நாப்போலிக்குப் போகிற யாரிடமாவது கொஞ்சம் கீரிக் கருவாடு கொடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். அவர்தான் கேட்கச் சொன்னார் என்றாள். மச்சாள் தானே பார்த்துப் பொறுக்கி, மணம் வெளியே வராமல் இறுக்கிக் கட்டினார்.

இழுபறி நடந்த காலத்தில் வாடியில் ஒரு கம்பும் புதிதாக நடவில்லை. எவனோ மதில் கட்டப்போகிற இடத்தில் கம்பு நட்டு என்ன? அந்த மாதம் மச்சாள் வண்ணாத்திவில்லுவிலிருந்து ஒரு லாண்ட்மாஸ்டர் வண்டி நிறையக் கம்பு இறக்கினார். தெற்கு வேலியை ஒட்டிப் புதுத் தட்டி வரிசை போடுவதாகத் திட்டம். எல்லாவற்றிலும் நல்ல காற்று அங்கேதான். அண்ணன் குழி வெட்டினார். நான் கயிறு பிடித்தேன்.

விடுதி முதலாளி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். வெள்ளைச் சேட்டு, கையில் தொலைபேசி.

"அப்ப காணி தாறதில்லையோ?"

"இல்லை."

"தம்பி ஓமெண்டு சொன்னவர்."

"தம்பி இப்ப வேற மாதிரிச் சொல்லுவார். கேட்டுப் பாருங்க."

முதலாளி குழிகளைப் பார்த்தார். "இந்த வாடியை இன்னும் எவ்வளவு காலம் நடத்துறதா உத்தேசம்?"

மச்சாள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "இஞ்சேருங்க, இன்னும் ஒரு முழம் ஆழமா வெட்டுங்க."

அண்ணன் எச்சிலைக் கையில் தேய்த்துக்கொண்டு அலவாங்கை எடுத்தார்.